இருந்த இடத்திலேயே ஒரு முகவரி

வங்கியில் கணக்குத் தொடங்க வருவோரிடம் கேட்கப்படும் அடிப்படை வினாக்கள் இரண்டு. ‘நீங்கள் யார்?’ என்பது ஒன்று. ‘எங்கே வசிக்கிறீர்கள்?’ என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு ஆதார் அட்டை விடை சொல்லிவிடுகிறது. இரண்டாம் வினாவுக்கு விடை சொல்ல நம்மில் பெரும்பாலோர் ஒரு கணமும் தயங்குவதில்லை. கதவு எண், தெரு, பகுதி, அஞ்சல் குறியீட்டு எண் எல்லாம் நாவின் நுனியில் இருக்கின்றன. ஆனால், பெங்களூரு போன்ற பெருநகரில் நம் வீட்டுப் பாத்திரங்களைத் துலக்குபவரும், நம் அடுக்ககத்தின் வாயிலைக் காப்பவரும், அந்த அடுக்ககத்துக்காகச் செங்கல் சுமந்தவரும் இந்த இரண்டாம் வினாவின் முன் தயங்கி நிற்கின்றனர். நேற்று வரை இருந்த முகவரி இன்று இல்லாமற் போய்விட்டது என்று சொல்பவர்களும் அவர்களுள் உண்டு.

நகரங்களைப் புதுப்பிப்பது பற்றி நாடெங்கும் பேசப்படும் காலம் இது. மெட்ரோ ரயில், மேம்பாலம், பூங்கா, சீர்மிகு நகரம் என்று திட்டங்கள் பெருகுகின்றன. அவற்றை நாம் வரவேற்கிறோம். நெரிசலில் தினமும் இரண்டு மணி நேரத்தை இழக்கும் பெங்களூருவாசிகளாகிய நாம் வரவேற்காமல் இருக்க இயலாது. ஆயினும் ஒரு நகரம் புதுப்பிக்கப்படும்போது அங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கும் ஏழை மக்கள் எங்கே இருக்கப் போகிறார்கள் என்ற கேள்விக்குத் திட்ட ஆவணங்களின் கடைசிப் பக்கத்தில்தான் இடம் கிடைக்கிறது. அக்கேள்வி முதல் பக்கத்துக்கு வர வேண்டும் என்பதே நம் கருத்து.

ஈஜிபுரா சொல்லும் பாடம்

கோரமங்களாவின் விளிம்பில் ஈஜிபுரா என்னும் பகுதி இருக்கிறது. அங்கே பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கென ஏறத்தாழ 22 ஏக்கர் நிலத்தில் 1990-களின் தொடக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. வீடுகள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல். துப்புரவுத் தொழிலாளர், கட்டடத் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர், வீட்டு வேலை செய்யும் பெண்கள் என்று நகரின் அன்றாட இயக்கத்துக்குத் தோள் கொடுப்போர் அங்கே குடியிருந்தனர். தமிழ் பேசும் குடும்பங்கள் அவர்களுள் கணிசமானவை.

குடியிருப்புகள் நெடுநாள் நிலைக்கவில்லை. கட்டிச் சில ஆண்டுகளிலேயே சுவர்கள் வெடித்தன, கூரைகள் ஒழுகின. ஒரு தொகுதி இடிந்து விழுந்த பின்னர் எஞ்சியவையும் பாதுகாப்பற்றவை என்று கருதப்பட்டன. மக்கள் அதே நிலத்தில் தகரக் கொட்டகைகளில் தங்கினர். பிறகு, அந்நிலத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து மேம்படுத்த மாநகராட்சி முடிவு செய்தது. நிலத்தின் ஒரு பகுதியில் ஏழைகளுக்கு வீடுகள், மறுபகுதியில் வணிக வளாகம் என்பது ஏற்பாடு. 2013-ஆம் ஆண்டு ஜனவரியில் காவல்துறையின் துணையோடு இயந்திரங்கள் வந்தன. சில நாள்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அங்கிருந்து அகற்றப்பட்டன.

அதன் பின் நடந்தவையே நாம் கவனிக்க வேண்டியவை. சில குடும்பங்கள் சர்ஜாபூர் சாலைக்கு அப்பால் நகரின் விளிம்பில் இருக்கும் சுளிகுண்டேக்குச் சென்றன. சில குடும்பங்கள் வேறு பகுதிகளில் வாடகைக்குப் போயின. போக இடமற்ற சிலர் பக்கத்திலிருந்த தேசிய விளையாட்டுக் கிராமத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி, நடைபாதையில் தார்ப்பாய் கட்டிப் பல ஆண்டுகள் வாழ்ந்தனர். அவர்கள் யாரை முன்னிட்டு அகற்றப்பட்டனரோ அந்த ஏழைகளுக்கான வீடுகள் உரிய காலத்தில் எழவில்லை. வழக்குகளும் தாமதங்களுமாக ஆண்டுகள் உருண்டன. விலைமதிப்பற்ற அந்த நிலம் நகரின் நடுவே வேலிக்குள் வெறுமையாகக் கிடந்தது.

தேசிய விளையாட்டுக் கிராமம் 1997-இல் நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுப்பப்பட்டது. வீரர்கள் தங்கிச் சென்ற பின் அதன் வீடுகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. அடுத்தடுத்த இரண்டு மனைகளில் பொது நிறுவனங்களே முன்னின்று எழுப்பிய குடியிருப்புகள். ஒன்றில் வீடு வாங்கியவர்களின் சொத்து ஆண்டுதோறும் மதிப்பில் வளர்ந்தது. மற்றொன்றில் குடியிருந்தவர்களின் வீடு மண்ணோடு மண்ணாயிற்று. கட்டுமானத்தின் தரம் இந்த வேறுபாட்டின் ஒரு காரணம். கையில் இருந்த பத்திரத்தின் தரம் மற்றொரு காரணம்.

ஈஜிபுராவில் ஒதுக்கீடு பெற்றவர் ஒருவராகவும் பல்லாண்டு குடியிருந்தவர் வேறொருவராகவும் இருந்த வீடுகள் பல. குடும்பம் பெருகியது, சிலர் வாடகைக்கு விட்டனர், சிலர் வெள்ளைத் தாளில் எழுதிக் கைமாற்றிக்கொண்டனர். புது வீடு யாருக்கு என்ற கேள்வி எழுந்தபோது பட்டியலில் பெயர் இல்லாதவர்கள், இருபது ஆண்டு அங்கே வாழ்ந்திருந்தும், எவருடைய கணக்கிலும் வராதவர்கள் ஆயினர்.

இந்நிகழ்விலிருந்து மூன்று கேள்விகளை நாம் எடுத்துக்கொள்ளலாம். வீடு கட்டி முடியும்வரை மக்கள் எங்கே இருப்பர்? புது வீடு அவர்களுடைய வேலையிலிருந்து எவ்வளவு தூரம்? அந்த வீடு யார் பெயரில், எத்தகைய பத்திரத்தில் இருக்கும்? எந்தப் புதுப்பித்தல் திட்டத்துக்கும் இவை அளவுகோலாக வேண்டும். மூன்றில் ஒன்றுக்கேனும் எழுத்தில் விடையில்லாத திட்டத்தின் பேரில் ஒரு சுவரும் இடிக்கப்படலாகாது.

பழைய நகரம், பழைய பழக்கம்

புதுப்பித்தல் பெங்களூருவுக்குப் புதிதன்று. 1898-இல் இந்நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. நெருக்கமான பேட்டைத் தெருக்களில் பிணங்கள் விழுந்தன. காற்றும் வெளிச்சமும் புகும் அகலத் தெருக்களோடு மல்லேஸ்வரமும் பசவனகுடியும் விரைந்து வளர்ந்தது அப்போதுதான். தண்டுப் பகுதியில் பிரேசர் டவுன் பின்னர் எழுந்ததற்கும் அந்நோயே காரணம். இன்றும் நாம் பெருமையோடு சுற்றிக் காட்டும் பகுதிகள் அவை. ஆனால் புதுமனை வாங்க வசதி படைத்தவர்கள் அகன்ற தெருவுக்குச் சென்றனர். வசதியற்றவர்கள் எங்கே வேலை கிடைத்ததோ அதன் அருகிலேயே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தனர்.

தமிழர்களுக்கு இந்நகரோடு உள்ள உறவும் வேலையை ஒட்டியதே. 1809-இல் ஆங்கிலேயர் தண்டுப் பகுதியை நிறுவியபோது சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும் வணிகர்களும் கொத்தனார்களும் பணியாளர்களும் உடன் வந்தனர். அல்சூரும் சிவாஜிநகரும் இன்றும் அதற்குச் சான்று. அதன் பின் ஒவ்வொரு தலைமுறையிலும் மழை பொய்த்த ஆண்டுகளில் தருமபுரி, திருவண்ணாமலை, வேலூர்ப் பகுதிகளிலிருந்து குடும்பங்கள் கட்டடவேலை தேடி வந்தன. இன்று வடகர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகின்றனர். மொழி மாறியிருக்கிறது, நீலத் தார்ப்பாய் மாறவில்லை.

2001-க்கும் 2011-க்கும் இடையில் பெங்களூரு நகர மாவட்டத்தின் மக்கள்தொகை 65 இலட்சத்திலிருந்து 96 இலட்சமாயிற்று. பத்தே ஆண்டுகளில் 47 விழுக்காடு வளர்ச்சி. இவ்வளவு பேருக்கு வேலை கொடுத்த நகரம் இவ்வளவு பேருக்கு வீடு கொடுக்கவில்லை. குடிசைப் பகுதிகள் தோன்றியதற்கு அவர்களின் ஒழுங்கின்மையைக் காரணமாகச் சொல்வது எளிது. உழைப்பை அழைத்த நகரம் உழைப்பவருக்கு இடம் ஒதுக்க மறந்தது என்பதே உண்மைக்கு நெருக்கமான கூற்று.

அவர்களை எண்ணுவதிலும் இடர்ப்பாடு உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குறைந்தது 300 பேர், அல்லது ஏறத்தாழ 60 முதல் 70 குடும்பங்கள், சேர்ந்து வாழும் நெரிசலான இடத்தையே குடிசைப் பகுதியாகக் கொண்டது. அந்த வரையறையின்படி நாடு முழுவதும் ஆறரைக் கோடிப் பேர் அத்தகைய பகுதிகளில் வாழ்ந்தனர். காலிமனையின் மூலையில் இருபது தார்ப்பாய்க் கூடாரங்கள் இருந்தால் அவை இவ்வரையறைக்குள் வருவதில்லை. கர்நாடகக் குடிசைப் பகுதிகள் சட்டம் 1973-இலிருந்து இருக்கிறது. முறைப்படி அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு அதன் பாதுகாப்பும் குடிசைப் பகுதி வாரியத்தின் வசதிகளும் கிடைக்கின்றன. அறிவிக்கப்படாத பகுதியில் இருப்பவருக்கு அவையும் கிட்டுவதில்லை.

ஒழுங்கின்மை யாருடையது?

ஆக்கிரமிப்பு செய்தவருக்கு வீடு கொடுப்பது சட்டத்தை மதித்து நடப்பவருக்கு இழைக்கும் அநீதியாகாதா? இக்கேள்வியை நேர்மையோடு கேட்பவர்கள் உண்டு. நேர்மையாகவே விடை காண்போம்.

பெங்களூருவில் வீட்டுக்கடன் கேட்டு வங்கிப்படி ஏறியவர் எவருக்கும் ‘பி-காத்தா’ என்ற சொல் தெரிந்திருக்கும். விவசாய நிலத்தை உரிய அனுமதியின்றி மனையாக்கி விற்றதையும், வரைபடத்தை மீறிக் கட்டியதையும் மாநகராட்சி தனிப் பதிவேட்டில் குறித்து வரி வாங்கிக்கொண்டது. அவ்வகை மனைகள் இந்நகரில் இலட்சக்கணக்கில் உள்ளன. அவற்றில் வாழ்பவர்கள் நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள். அவர்களுக்காக ‘அக்ரம-சக்ரம’ என்ற பெயரில் அபராதம் செலுத்தி ஒழுங்குபடுத்தும் திட்டம் வகுக்கப்பட்டது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. 2025-இல் பி-காத்தா மனைகளை ஏ-காத்தாவாக மாற்றவும் அரசு வழி வகுத்தது. இந்த முயற்சிகளை நாம் குறை சொல்லவில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டியவரைத் தெருவில் நிறுத்துவது தீர்வாகாது என்ற நியாயம் அவற்றின் பின்னால் இருக்கிறது.

அதே நியாயம் தகரக் கூரைக்கும் பொருந்தும் என்பதே நாம் சொல்ல விழைவது. நடுத்தர வகுப்பின் விதிமீறலுக்கு ‘ஒழுங்குபடுத்துதல்’ என்றும் ஏழையின் விதிமீறலுக்கு ‘அகற்றுதல்’ என்றும் இரண்டு அகராதிகளை ஒரே நகரம் வைத்திருக்க இயலாது. மழைநீர்க் கால்வாயின் மேல் குடிசை போட்டவர் வெள்ளத்துக்குக் காரணம் என்று நாம் சொல்லிவந்தோம். 2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலையையும் சர்ஜாபூர் சாலையையும் சுற்றியிருந்த செல்வர்களின் தனிவீடுகளுக்குள் நீர் புகுந்து, குடியிருந்தோர் டிராக்டரிலும் படகிலும் வெளியேறியபோது, ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்தவர்கள் எல்லா வருமானப் பிரிவிலும் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

கால்வாய்க் கரை, ரயில் பாதை ஓரம், உயர் அழுத்த மின்கம்பிகளின் அடி போன்ற இடங்களில் உயிருக்கே ஆபத்து. அங்கே வாழ்பவர்களை இடம் மாற்றத்தான் வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அத்தகைய இடங்களுக்கு வேண்டிய விதிவிலக்கை, எங்கெல்லாம் நிலத்தின் விலை ஏறியிருக்கிறதோ அங்கெல்லாம் பயன்படுத்துவது முறையன்று.

தூரத்தின் விலை

தமிழ்நாட்டின் அனுபவம் இங்கே நமக்குத் துணை செய்யும். 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றியது. அப்பெயரை ஒருமுறை நின்று படிக்கலாம். மாற வேண்டியது குடிசை என்றுதான் அது சொன்னது. தொடக்க ஆண்டுகளில் வாரியம் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்கு வீடுகளைக் கட்டியது. சென்னைக் கடற்கரையில் நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் மீனவர்கள் கடலை விட்டு விலகாமல் கான்கிரீட் கூரைக்கு மாறினர். 2000-ஆம் ஆண்டை ஒட்டி இப்போக்கு மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பின்னர்ப் பெரும்பாக்கம் என்று நகரின் தென்கோடியில் பெருங்குடியிருப்புகள் எழுந்தன. நகரின் உட்பகுதிகளிலிருந்து குடும்பங்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. குடிசை மாறியது, அதோடு பள்ளியும் மருத்துவமனையும் வேலையும் மாறின. வேலையை விட்டவர்களும், படிப்பை நிறுத்திய பிள்ளைகளும், பூட்டிய வீட்டை விட்டுப் பழைய இடத்துக்கே வாடகைக்குத் திரும்பியவர்களும் அங்கே உண்டு. 2021-இல் அந்த வாரியம் ‘தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. ‘வாழ்விடம்’ என்ற சொல்லில் வாழ்வும் இடமும் சேர்ந்தே இருக்கின்றன. செயலிலும் அவை சேர்ந்திருக்க வேண்டும்.

கோரமங்களாவில் மூன்று வீடுகளில் வேலை செய்யும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். காலை ஆறரை மணிக்கு முதல் வீட்டில் இருக்க வேண்டும். பதினொரு மணிக்கு வீடு திரும்பிப் பிள்ளைக்குச் சமைத்துவிட்டு மாலையில் மீண்டும் வருவார். வீடு நடக்கும் தூரத்தில் இருந்தால்தான் இந்த நாள் சாத்தியம். அவரை நகரின் விளிம்புக்கு அனுப்பினால் மூன்று வீடுகள் ஒன்றாகக் குறையும், அல்லது ஒன்றும் இல்லாமற் போகும். கர்நாடக அரசு 2023 முதல் சக்தி திட்டத்தின்கீழ்ப் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் அளிக்கிறது. மிக நல்ல உதவி அது. பயணச்சீட்டின் விலையை அரசு ஏற்கலாம். பயணத்தில் கழியும் நான்கு மணி நேரத்தை யார் ஏற்பது?

இதன் சட்டப் பொருளை உச்ச நீதிமன்றம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துரைத்தது. பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில், 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், வாழ்வுரிமை என்பதில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அது கூறியது. நடைபாதைகளை நிரந்தரமாக ஆக்கிரமிக்க உரிமை உண்டு என்று தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் வேலைக்கு அருகில் இருப்பதற்காகவே ஏழைகள் அங்கே தங்குகின்றனர் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நகரத் திட்டமிடுவோர் அந்த ஒரு வரியை மறவாதிருந்தால் போதும்.

பத்திரம் என்னும் திறவுகோல்

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். வங்கி இதழின் வாசகர்களாகிய நமக்கு இது மிகவும் அறிமுகமான களம்.

2005-இல் ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பித்தல் இயக்கம் வந்தது. பின்னர் ராஜீவ் ஆவாஸ் திட்டம் வந்தது. 2015 ஜூனில் பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் தொடங்கியது. அதற்கு நான்கு வழிகள் இருந்தன. குடிசைப் பகுதியை இருந்த இடத்திலேயே தனியார் பங்களிப்போடு சீரமைப்பது ஒன்று. கடன் வட்டியில் மானியம் அளிப்பது மற்றொன்று. கூட்டு முயற்சியில் மலிவு வீடுகள் கட்டுவது மூன்றாவது. சொந்த மனையில் தாமே வீடு கட்டிக்கொள்ள நிதி வழங்குவது நான்காவது. இந்நான்கில் மிக அதிகமான வீடுகளைக் கண்டது கடைசி வழி. மிகக் குறைந்த வீடுகளைக் கண்டது முதல் வழி. 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் அந்த முதல் வழி தனிப் பிரிவாக இடம்பெறவேயில்லை.

இதில் ஒரு பாடம் உண்டு. தன் பெயரில் ஒரு துண்டு நிலம் இருப்பவருக்கு அரசு சிறிது உதவினால் மீதியை அவரே பார்த்துக்கொள்கிறார். கடன் வாங்குகிறார், உறவினரிடம் கேட்கிறார், ஓர் அறையில் தொடங்கி மூன்று ஆண்டுகளில் மாடி எடுக்கிறார். நிலம் தன் பெயரில் இல்லாதவருக்கு எத்தனை திட்டம் வந்தாலும் அது அடுத்தவர் வந்து கட்டித்தரும்வரை காத்திருக்கும் திட்டமாகவே இருக்கிறது. இரண்டாம் கட்டத்தின் வட்டி மானியத்தையே பாருங்கள். 35 இலட்ச ரூபாய்க்கு உட்பட்ட வீட்டுக்கு, 25 இலட்சம் வரையிலான கடனில் முதல் 8 இலட்சத்துக்கு 4 விழுக்காடு மானியம் உண்டு. தகுதியுள்ளோர் அதிக அளவாக 1.80 இலட்ச ரூபாயை ஐந்து ஆண்டுத் தவணைகளில் பெறலாம். பயன்மிக்க உதவி அது. ஆனால் ஈடாக வைக்கத் தெளிவான உரிமைப் பத்திரம் உள்ளவரே அக்கதவின் முன் நிற்க முடியும்.

உரிமைப் பத்திரம் கொடுத்தால் மறுநாளே விற்றுவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு ஒடிசா நல்ல விடை கண்டது. 2017-இல் அம்மாநிலம் குடிசைவாசிகளுக்கு நில உரிமை வழங்கும் சட்டத்தை இயற்றியது. ஆளில்லாச் சிறு விமானங்களால் குடியிருப்புகளை அளந்து, ‘ஜாகா’ இயக்கத்தின்கீழ்க் குடும்பங்களுக்கு உரிமைச் சான்றுகள் வழங்கப்பட்டன. அவ்வுரிமை வாரிசுக்குச் செல்லும், வீட்டுக்கடனுக்காக அடகு வைக்கலாம், விற்க இயலாது. குடும்பத்தின் கூரையும் காக்கப்படுகிறது, வங்கியின் கதவும் திறக்கிறது. கர்நாடகத்தில் ‘ஹக்குப் பத்திரம்’ என்று வழங்கும் உரிமைச் சான்றும் வங்கிகள் ஐயமின்றி ஏற்கத்தக்க தெளிவோடு பதிவு செய்யப்பட வேண்டும்.

அகமதாபாத் 1995-இல் தொடங்கிய ‘பரிவர்த்தன்’ திட்டம் மற்றொரு முன்மாதிரி. பத்து ஆண்டுகளுக்கு உங்களை அகற்றமாட்டோம் என்று மாநகராட்சி உறுதியளித்தது. ஒவ்வொரு குடும்பமும் 2,000 ரூபாய் செலுத்தியது. அத்தொகையைச் சிறுகச் சிறுகச் சேர்க்க உழைக்கும் பெண்களின் சேவா வங்கி துணை நின்றது. வீட்டுக்கு வீடு குடிநீரும் கழிவறையும் தெருவிளக்கும் வந்தன. முழு உரிமைப் பத்திரம் கூட இல்லை, வெறும் உறுதிமொழிதான். அதற்கே மக்கள் தம் பணத்தைப் போட்டு வீட்டைச் செம்மைப்படுத்திக்கொண்டனர். தாய்லாந்து 2003 முதல் நடத்திவரும் ‘பான் மன்கோங்’ திட்டம் குடியிருப்போரின் கூட்டுறவுச் சங்கத்துக்கே அரசுக் கடன் தருகிறது. எங்கே, எப்படிக் கட்டுவது என்பதை அவர்களே தீர்மானிக்கின்றனர்.

ஏழைக்குக் கடன் கொடுத்தால் திரும்ப வருமா என்ற வினாவுக்கு நம் வங்கிகளின் ஏடுகளிலேயே விடை உண்டு. 1992-இல் நபார்டு தொடங்கிவைத்த சுயஉதவிக் குழு இணைப்பும், 2020-இல் சாலையோர வணிகருக்கு 10,000 ரூபாயிலிருந்து தொடங்கிய ஸ்வநிதிக் கடனும் ஈடு இல்லாதவரோடும் வங்கி உறவு கொள்ள முடியும் என்று காட்டின. அந்த உறவை வீட்டுக்கும் நீட்டிக்க வேண்டிய தருணம் இது.

நாம் கேட்பவை

2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்து, பெருநகரப் பெங்களூரு ஆணையத்தின்கீழ் வந்திருக்கிறது. புது நிர்வாகம் புது வழக்கங்களைத் தொடங்கத் தகுந்த நேரம். அதனிடம் நாம் மூன்றை எதிர்பார்க்கிறோம்.

முதலாவது, மாற்றுவீட்டின் சாவி கைக்கு வரும்வரை குடும்பத்தின் வாடகை அதன் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் சேர வேண்டும். அதற்கான முழுத்தொகையும் இடிப்பதற்கு முன்பே தனிக் காப்புக் கணக்கில் வைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு மாதத் தாமதமும் ஒப்பந்ததாரருக்குச் செலவாகுமானால் நிலம் பல ஆண்டுகள் வேலிக்குள் கிடக்காது.

இரண்டாவது, உயிருக்கு ஆபத்தில்லாத இடத்தில் வாழ்பவர்களுக்கு அதே இடத்தில் வீடு தர வேண்டும். இயலாவிடில் அதே வார்டில், அல்லது அடுத்த வார்டில் தர வேண்டும். வணிக வளாகம் வரலாம். ஆனால் ஏழைகளின் வீடு முதலில் எழ வேண்டும். கடை பிறகு திறக்கட்டும்.

மூன்றாவது, இடிக்கும் முன் ஒவ்வொரு குடும்பமும் கணக்கெடுக்கப்பட்டு, குடியிருப்போரின் முன்னிலையில் பட்டியல் வெளியிடப்பட வேண்டும். வாடகைக்கு இருப்பவரும் அதில் இடம்பெற வேண்டும். உரிமைப் பத்திரம் குடும்பத் தலைவியின் பெயரில், அல்லது கணவன் மனைவி இருவர் பெயரில், வாரிசுரிமையும் அடகு உரிமையும் உடையதாக அமைய வேண்டும்.

அரசிடம் கேட்கும் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நம் அடுக்ககத்துக்குப் பக்கத்து நிலத்தில் ஏழைகளுக்கு வீடு வருகிறது என்றதும் குடியிருப்போர் சங்கத்தில் எதிர்ப்புக் குரல் எழுவதை நாம் பார்த்திருக்கிறோம். சில வேளை அக்குரல் நம்முடையதாகவும் இருந்திருக்கிறது. காலை ஆறரை மணிக்கு அவர் நம் வீட்டில் இருக்க வேண்டும், இரவு எட்டு மணிக்கு நம் கண்ணில் படாத தூரத்துக்குப் போய்விட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. நம்மிடம் வேலை செய்பவருக்குக் கணக்குத் தொடங்க வேண்டிய சான்றுகளைத் திரட்ட உதவலாம். நம் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடும்போது ஒப்பந்தத்தை முறையாக எழுதிக் கொடுக்கலாம். பக்கத்து நிலத்தில் வரும் வீடுகளுக்கு ஆதரவாகச் சங்கத்தில் ஒரு குரல் கொடுக்கலாம்.

ஈஜிபுராவில் வீடிழந்த குடும்பத்தில் அன்று பிறந்த குழந்தைக்கு இப்போது பள்ளிப் படிப்பின் நடுப்பருவம். இன்னும் சில ஆண்டுகளில் அந்தப் பிள்ளை முதல் சம்பளத்தோடு ஏதேனும் ஒரு வங்கிக் கிளையின் முகப்பில் வந்து நிற்கும். ‘எங்கே வசிக்கிறீர்கள்?’ என்று அங்கே கேட்பார்கள். தாயும் தந்தையும் உழைத்த அதே தெருவின் பெயரை அந்தப் பிள்ளை தயங்காமல் சொல்லுமாறு செய்ய நமக்கு இன்னும் காலம் இருக்கிறது.